மருந்தையே தர்மமாக்கிய மகராஜா!

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். பிரமாண்டமான நந்தியெம்பெருமானை வணங்கி, பெருவுடையாரைக் கண்குளிரத் தரிசித்து, பெரியநாயகி அம்மன் சந்நிதியில் குங்குமம் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு பிராகாரத்தை வலம் வந்திருப்பீர்கள். அப்படி வரும்போது தென்மேற்கு மூலையில் பிள்ளையார் சந்நிதி ஒன்று இருக்குமே... அந்தப் பக்கத்துச் சுவரில் வரிவரியாகச் செதுக்கியிருக்கும் எழுத்துகளைக் கவனித்திருக்கிறீர்களா?

தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு அவை வேறு மாதிரி தெரியும். ஆம்! அது மராத்திக் கல்வெட்டு. தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு 1803-ம் ஆண்டு அங்கே பொறிக்கப்பட்டது. பொறிக்கச் செய்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அந்தப் பிள்ளையார் சந்நிதியைப் புதுப்பித்துக் கட்டியவரும் அவரே.

சரபோஜி என்றதும் சரஸ்வதி மகால் நூலகம்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஆனால் நோயாளிகளுக்காகவும், மூலிகைகளுக்காகவும், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்காகவும் அவர் செய்த காரியங்கள் பலருக்கும் தெரியாது. இந்த வாரம் அந்தக் கதையைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

இருட்டறையில் ஒரு பிள்ளை

சரபோஜி பிறந்தது 1777-ம் ஆண்டு. தஞ்சை மன்னர் துளஜாஜிக்கு வாரிசு இல்லை. எனவே 1787-ல், தம் உடல்நலம் குன்றியிருந்த வேளையில், போன்ஸ்லே வம்சத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த இந்தப் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அப்போது சரபோஜிக்கு 10 வயதுகூட நிறையவில்லை. சுவீகாரம் முடிந்த சில நாட்களிலேயே துளஜாஜி காலமாகிவிட்டார்.

அதன்பின் அந்தக் குழந்தைக்குச் சோதனைக் காலம் ஆரம்பமாயிற்று. துளஜாஜியின் சகோதரர் அமர்சிங் அரியணையில் அமர்ந்தார். சரபோஜியோ அரண்மனைக்குள்ளேயே கைதி போல ஆனார். வெளிச்சம் குறைந்த அறை. வெளியே நடமாட அனுமதி கிடையாது. படிக்கவும் எழுதவும் கற்றுத்தர ஆளில்லை. ராஜகுமாரனாகச் சுவீகாரம் வந்த பிள்ளை அட்சரம்கூடத் தெரியாமல் வளர வேண்டிய நிலை!

தெய்வம் மனுஷ ரூபத்தில் வரும் என்பார்கள் இல்லையா? அப்படி வந்தவர் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். துளஜாஜி மன்னரின் நம்பிக்கைக்குரியவராக இருந்தவர் அவர். சிறுவனின் நிலையைக் கண்டு மனம் வருந்தி, கும்பெனி அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார். அவருடைய முயற்சியால் சரபோஜிக்குக் கல்வி கிடைத்தது. 1793-ல் துளஜாஜியின் மனைவியரோடு அவர் பாதுகாப்பாகச் சென்னைக்கு அழைத்து வரப்பட்டார். அங்கே படிப்பு தொடர்ந்தது. வடமொழி, மராத்தி, தமிழ், தெலுங்கு ஆகியவற்றோடு ஆங்கிலமும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் அவருக்குக் கைவந்தன.

குரு வேறு மதத்தவர். ஆனாலும் சீடர் தம் குலதர்மத்தையும் சிவபக்தியையும் கடைசிவரை விடவில்லை. அதேபோல் குருபக்தியையும் விடவில்லை. 1798-ல் சுவார்ட்ஸ் மறைந்தபோது கண்ணீர்விட்டுக் கலங்கினார். குருவின் மரணப் படுக்கைக்கு அருகே தாம் நிற்கும் காட்சியைச் சலவைக்கல்லில் சிற்பமாக வடிக்கச் செய்து, தஞ்சையில் உள்ள தேவாலயத்தில் வைத்தார். இன்றும் அதைப் பார்க்கலாம்.

நாடு போனது... சத்திரம் நின்றது

1798-ம் ஆண்டு சரபோஜி அரியணை ஏறினார். ஆனால் அடுத்த ஆண்டே, அதாவது 1799 அக்டோபரில், கிழக்கிந்தியக் கும்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. சோழவள நாட்டின் ஆட்சி கும்பெனியின் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறிது இடமும் மட்டுமே. ஆண்டுதோறும் 1 லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு என்று முடிவானது.

22 வயது இளைஞருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். மனம் வெறுத்து ஒதுங்கியிருக்கலாம். கையில் இருக்கும் பணத்தைக் கேளிக்கைகளில் கரைத்திருக்கலாம். ஆனால் அவர் மனம் வேறு ஒன்றை நினைத்துத் தவித்தது.

அந்தக் காலத்தில் காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்தே யாத்திரை வருவார்கள் அல்லவா? அந்தப் பாதையில் தஞ்சை அரச குடும்பத்தார் பல சத்திரங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரில் ஒரு சத்திரம் உண்டு. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் உண்டு. முக்தாம்பாள், சரபோஜியின் அன்புக்கு உரியவராக இருந்து இளம் வயதிலேயே மறைந்தவர். தம் பெயரில் அன்னதானம் நடக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் அவர் கேட்டுக்கொண்டதால்தான் மன்னர் இந்தச் சத்திரத்தைக் கட்டினார் என்பார்கள்.

இப்படிப்பட்ட சத்திரங்களுக்கும் அவற்றுக்கு மானியமாக விட்ட ஊர்களுக்கும் என்ன கதி நேருமோ என்ற கவலை மன்னரை வாட்டியது. 1801-ல் தஞ்சையில் இருந்த கும்பெனி அதிகாரிக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாக விளக்கி, இந்தத் தர்மம் மட்டும் தடைபடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதத்தில் உள்ள விவரங்களைப் படித்தால் நெஞ்சம் நெகிழ்ந்துவிடும். அந்தணர் முதல் ஏழை எளியவர் வரை எந்தப் பிரிவினராக இருந்தாலும் சத்திரத்தில் சாப்பாடு உண்டு. சமைத்ததை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மற்ற பொருள்களும் தரப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுக் கேட்பார்கள்.

யாத்ரீகர் யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால், குணமாகும்வரை சத்திரத்திலேயே வைத்து மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுப்பார்கள். வியாதிகளுக்கும், வீக்கங்களுக்கும், பாம்பு முதலியவற்றின் விஷக்கடிக்கும் வைத்தியம் தெரிந்தவர்கள் அங்கேயே நியமிக்கப்பட்டிருந்தார்கள். கர்ப்பிணிப் பெண் வந்து அங்கேயே பிரசவம் ஆகிவிட்டால், செலவு முழுவதும் சத்திரத்துடையது. அவளுக்கு உரிய பிரசவ மருந்துகளைக் கொடுப்பதோடு, 3 மாதம் வரை அங்கேயே தங்கவும் விடுவார்கள். பச்சைக் குழந்தைகளுக்குப் பால் உண்டு. யாத்திரையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைப்பார்கள்.

சற்றே கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஊர், பேசும் பாஷை புரியாது, நிறைமாதம். அந்தப் பெண்ணுக்கு அங்கே யாரோ ஒருவர் மருந்து அரைத்துக் கொடுத்து, மூன்று மாதம் தாய்வீடு போலத் தாங்கினார்கள் என்றால், அதைவிடப் பெரிய பூஜை வேறு என்ன இருக்க முடியும்? நாடு கைவிட்டுப் போன பிறகு மன்னர் கும்பெனியிடம் மன்றாடிக் கேட்டது இந்தத் தர்மத்துக்காகத்தான். அவர் காலத்தில் சத்திரங்களில் அடுப்பு அணையவில்லை. மருந்தும் நிற்கவில்லை.

தன்வந்திரி மகால்

பாற்கடலைக் கடைந்தபோது அமிர்த கலசத்தோடு தோன்றிய தன்வந்திரி பகவானை நமக்கெல்லாம் தெரியும். ஸ்ரீரங்கம் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதியே இருக்கிறது. அந்தப் பகவானின் திருநாமத்தையே சூட்டித் தம் மருத்துவ நிலையத்துக்குத் 'தன்வந்திரி மகால்' என்று பெயர் வைத்தார் சரபோஜி.

ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஆங்கில மருத்துவம் என எல்லா முறைகளிலும் தேர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். மருந்துகளைத் தயாரித்தார்கள், நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், பலன் எப்படி இருக்கிறது என்று கவனித்தார்கள். மனிதர்களுக்கு மட்டும் இல்லை... யானை, குதிரை முதலிய பிராணிகளுக்கும் அங்கே வைத்தியம் நடந்தது. வாயில்லா ஜீவனின் வலியும் வலிதானே!

மருந்துக்கு மூலிகை வேண்டும். தப்பான செடியைப் பறித்துவிட்டால் அமிர்தமே விஷமாகிவிடும். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள். இந்தக் குழப்பம் தீர என்ன வழி? மூலிகைத் தோட்டம் போட்டு வளர்த்தார். தஞ்சை ஓவியர்களைக் கொண்டு செடிகொடிகளை வண்ணத்தில் வரையச் செய்தார். இலை எப்படி, பூ எப்படி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளலாம். அவர் ஆதரவில் தஞ்சையில் வரையப்பட்ட செடிகள், பறவைகள், விலங்குகளின் ஓவியங்களில் சில இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கண் நோய்களில் மன்னருக்குத் தனி அக்கறை இருந்தது. ஆங்கிலேய மருத்துவரின் துணையோடு கண் சிகிச்சைகள் நடந்தன. கண்ணில் புரை விழுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சைகூட நடந்திருக்கிறது. நோயாளி யார், என்ன உபாதை, என்ன சிகிச்சை என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். நோயுற்ற கண் எப்படி இருந்தது என்பதைப் படமாகவும் வரைந்து சேர்த்தார்கள். இன்றைய மருத்துவமனைகளில் நமக்கென்று ஒரு கோப்பு போடுகிறார்களே, அதேபோல! சரஸ்வதி மகாலில் உள்ள இந்தக் குறிப்புகளை நம் காலத்துக் கண் மருத்துவர்களே ஆராய்ந்து வியந்திருக்கிறார்கள். வெளிச்சம் இல்லாத அறையில் பால்யத்தைக் கழித்த பிள்ளை, வளர்ந்து பிறர் கண்ணுக்கு வெளிச்சம் தர முனைந்ததை இறையருள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ரகசியம் பாட்டானது

இனிதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

மூலிகையை மருந்தாகப் பயன்படுத்துவது மனிதகுலத்தின் மிகப் பழைய பழக்கம். எகிப்தில் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே பாப்பிரஸ் சுருளில் மூலிகை மருந்துகளை எழுதி வைத்தார்கள். நம் நாட்டில் சரகரும் சுஸ்ருதரும் நூல்கள் தந்தார்கள். தமிழகத்தில் சித்தர் பெருமக்கள் வழிவழியாகச் சொல்லிச் சென்றார்கள். வைத்தீஸ்வரன்கோயில் தலபுராணமோ, சிவபெருமானே வைத்தியராக வர, தையல்நாயகி அம்மன் தைலப் பாத்திரம் ஏந்தி உடன் வந்ததாகச் சொல்லும்.

ஆனால் இந்த அறிவுக்கு ஓர் ஆபத்து எப்போதும் உண்டு. தந்தை மகனுக்கு மட்டும் சொல்வார்; குரு ஒரே ஒரு சீடனுக்குச் சொல்வார். வெளியே சொன்னால் மருந்து பலிக்காது என்பார்கள். அந்த ஒருவர் போய்விட்டால் மருந்தும் அவரோடு போய்விடும். சுவடியில் எழுதியிருந்தாலும் கரையான் விடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சுவடியில் இருப்பதெல்லாம் பலிக்குமா, யாராவது கொடுத்துப் பார்த்தார்களா என்று யாருக்குத் தெரியும்?

சரபோஜி இந்த இரண்டுக்கும் வழி கண்டார். பல இடங்களிலிருந்து வைத்தியச் சுவடிகளைத் திரட்டினார். வைத்தியர்களின் அனுபவ முறைகளைக் கேட்டுத் தொகுத்தார். தன்வந்திரி மகாலில் கொடுத்துப் பார்த்துப் பலன் தந்தவற்றை எழுதி வைக்கச் செய்தார். அதோடு நிற்கவில்லை. அரண்மனைத் தமிழ்ப் புலவர்களைக் கொண்டு அவற்றைச் செய்யுளாகப் பாடவும் வைத்தார்.

மருந்துக் குறிப்புக்குச் செய்யுள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஸ்லோகத்தையும் திருப்புகழையும் நாம் எப்படிப் புத்தகம் இல்லாமல் சொல்கிறோம்? சந்தத்தில் ஒரு சொல் தவறினாலும் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். மருந்தின் பெயரும் அளவும் அப்படிப் பாட்டில் அமைந்துவிட்டால் எளிதில் மறக்காது, மாறாது.

மன்னரின் பெயரால் இவை 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று வழங்கின. நீரிழிவு, கண் நோய், குன்மம் என்று ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிப் பகுதிகள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வரும் நோய்களுக்கும் தனியே ஒரு பகுதி உண்டு. 20-ம் நூற்றாண்டில் சரஸ்வதி மகால் நூலகம் இவற்றை அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கும்படி வெளியிட்டது.

காசி யாத்திரை

1820-ம் ஆண்டு சரபோஜி காசி யாத்திரை புறப்பட்டார். உடன் சென்றவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். வழிநெடுகத் தானதர்மங்கள் செய்தபடி, கயா, பிரயாகை எனத் தீர்த்தமாடி, காசி விஸ்வநாதரைத் தரிசித்தார். யாத்திரை போனால் நாம் என்ன வாங்கி வருவோம்? கங்கைச் சொம்பு, கறுப்புக் கயிறு, பட்டுப்புடவை! அவர் இவற்றைவிட ஆசையாகத் தேடியது சுவடிகளை. அங்கே கிடைத்த வடமொழிச் சுவடிகளும் தஞ்சை வந்து சேர்ந்தன.

ஓர் ஆச்சரியத்தைக் கவனியுங்கள். அதே 1820-ல்தான் பிரான்ஸ் தேசத்தில் இரண்டு விஞ்ஞானிகள் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியா காய்ச்சலால் தவித்த எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த மருந்து அது. அந்தப் பட்டை காய்ச்சலுக்குக் கேட்கும் என்பதை ஐரோப்பியர்கள் அறிந்தது தென் அமெரிக்காவில்தான். செடியை மதித்து, சோதித்து, எழுதி வைத்தவர்களால்தான் உலகம் நோயிலிருந்து மீண்டிருக்கிறது. தஞ்சையில் ஒரு மன்னரும் தம்மால் இயன்ற அளவு அதே வழியில்தான் நடந்தார்.

1832 மார்ச் மாதம் சரபோஜி மன்னர் சிவபதம் அடைந்தார். அவர் மகன் சிவாஜிக்குப் பிறகு அரசே முடிந்து போனது. தன்வந்திரி மகாலில் மருந்து வாசனை என்றோ அடங்கிவிட்டது. ஆனால் சுவடிகள் பிழைத்தன. 1918-ல் சரஸ்வதி மகால் பொது நூலகமானது. 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் இன்று அங்கே பத்திரமாக இருக்கின்றன.

நம் வீட்டுச் சுவடி

இந்தக் கதையை இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் உண்டு.

நம் வீடுகளிலும் ஒரு தன்வந்திரி மகால் இருந்தது. பாட்டியின் அஞ்சறைப் பெட்டிதான் அது! தீபாவளி விடியலில் கங்கா ஸ்நானம் முடிந்ததும் முதலில் கையில் வாங்கும் லேகியத்தை நினைத்துப் பாருங்கள். அதில் சுக்கு எவ்வளவு, கண்டந்திப்பிலி எவ்வளவு, ஓமத்தை வறுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் பாட்டிக்குக் கைக்கணக்கு. பிள்ளை பெற்றவளுக்குக் கிளறும் பிரசவ லேகியத்தில் எந்தச் சாமான் எந்தப் பதத்தில் சேர வேண்டும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். நாமோ இன்று அதைக் கடையில் டப்பாவாக வாங்கி வருகிறோம். கேட்டால், எங்கள் பாட்டிக்குத் தெரியும், அம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும் என்கிறோம். கேட்டு எழுதி வைக்கத்தான் நமக்குப் பொழுது கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் மாமியாரோ, அம்மாவோ, அத்தையோ இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். லேகியமோ கஷாயமோ ரசப்பொடியோ, அவர்கள் சொல்லச் சொல்ல அளவோடு எழுதுங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். சரபோஜி எந்த மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. தேர்ந்த வைத்தியர்களை வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார். ஆங்கில மருத்துவரையும் அருகில் வைத்திருந்தார். நாமும் அப்படித்தான் நடக்க வேண்டும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று பச்சைக் குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குச் சாப்பிடும் மாத்திரைகளை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்வதே மன்னர் காட்டிய வழி.

அடுத்த முறை தஞ்சைக்குப் போனால், பெருவுடையாரைத் தரிசித்த கையோடு அரண்மனைக்கும் போய் வாருங்கள். சரஸ்வதி மகாலின் காட்சிக்கூடத்தைப் பாருங்கள். அங்கேயே தர்பார் மண்டபத்தில் சரபோஜி மன்னரின் சலவைக்கல் சிலை நிற்கிறது. அரசர்களின் சிலை என்றால் கையில் வாளோ செங்கோலோ இருக்கும் என்றுதானே நினைப்போம்? இவரோ இரண்டு கைகளையும் கூப்பியபடி நிற்கிறார்.

அவர் முன் ஒரு நிமிடம் நாமும் கைகூப்புவோம். நோயற்ற வாழ்வை அருளும்படி தன்வந்திரி பகவானையும், வைத்தியநாதரையும், தையல்நாயகி அம்மனையும் வேண்டிக்கொள்வோம். நமக்காக மட்டும் வேண்டாம்... எங்கோ முன்பின் தெரியாத ஊரில், துணையில்லாமல் நோயில் படுத்திருக்கும் யாரோ ஒருவருக்காகவும் சேர்த்தே வேண்டிக்கொள்வோம்!